வீட்டு மைலேஜ்

அன்று காலையில் தையல்காரிக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் பற்பசை. பற்பசைகூட இல்லை, கத்திரிக்கோல். துணி வெட்டுவதற்கென்றே எண்ணெய் விட்டு, உறை போட்டு, பெற்ற மகளைக்கூடத் தொடவிடாமல் வைத்திருக்கும் கத்திரிக்கோலை எடுத்து, அவள் கணவர் பற்பசைக் குழாயை நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தார். பிளந்ததைப் பெருமையோடு அவள் மூக்குக்கு நேரே நீட்டவும் செய்தார்.

"பார்த்தியா? இன்னும் மூணு நாளைக்கு ஓடும். நீ தூக்கிப் போட இருந்தே."

"அந்தக் கத்திரி துணியைத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? முனை மழுங்கினா சாணை பிடிக்க யாரு காசு குடுப்பா?"

"சாணை எதுக்கு? கல்லுல தேய்ச்சுக்கலாம்" என்றார் அவர், வாயெல்லாம் நுரையோடு.

மனிதர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்குப் பெயர் மைலேஜ். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஒரு லிட்டர் டீசலுக்கு யார் அதிக தூரம் ஓட்டுகிறார்கள் என்று டிப்போவில் மாதாமாதம் கணக்குப் பார்த்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். மேலே முதல் பேர், கீழே கடைசிப் பேர். ஒன்பது வருஷமாக முதல் பேர் இவருடையதுதான். வருஷக் கடைசியில் முதல் பேர்காரருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். ஆக வீட்டில் ஒன்பது சுவர்க்கடிகாரங்கள். பேட்டரி மட்டும் ஒன்று. அது சமையலறைக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எட்டும் கூடத்துச் சுவரில் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டியபடி செத்துக் கிடந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மகள், "எங்க வீட்டுல எந்த நேரத்துக்கு வந்தாலும் ஏதாவது ஒரு கடிகாரம் சரியாத்தான் இருக்கும்" என்பாள்.

இந்த மைலேஜ் டிப்போவோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், என்ன தோன்றியதோ, அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் அவர் செய்ததெல்லாம் நல்ல காரியங்கள்தான். ஒரு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குப் பத்து நிமிஷத்தில் வாஷர் மாற்றினார். கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதச் சொன்னார், பசி வயிற்றோடு கடைக்குப் போகக் கூடாது என்றார். யாருமே பேசாத ஒரு பழைய போன் நம்பருக்கு மாதம் தவறாமல் பணம் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து வெட்டிவிட்டார். பிரிட்ஜில் மிஞ்சினதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, 'முதலில் இது' என்று எழுதி முன்னால் வைத்தார். அதன்பிறகு வீட்டில் காய்கறி அழுகிக் குப்பைக்குப் போவது நின்றேபோனது. தையல்காரியே, "பரவாயில்லையே, உங்க தலையிலும் சரக்கு இருக்கு" என்று மெச்சினாள். அந்த மெச்சல்தான் வினையாகப் போயிற்று.

"பஸ்ஸு நிறுத்தம் தூரத்துல தெரியும்போதே ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துடணும்" என்று ஒரு நாள் சமையலறையில் வந்து நின்றார். "அதே மாதிரி முட்டை முக்கால் வேக்காடு வந்ததும் அடுப்பை அணைச்சு மூடிடு. மீதிச் சூட்டுலயே வெந்துடும்."

முட்டை வேகவில்லை. மகளின் கல்லூரிச் சீருடை மேலெல்லாம் வழிந்தது. அந்தச் சீருடையைத் துவைக்கச் செலவான சோப்பு யார் கணக்கில் ஏறியது என்கிறீர்கள்? தையல்காரி கணக்கில்.

ஆமாம், கணக்கு என்றால் உண்மையான கணக்குதான். சமையலறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. அப்பா, அம்மா, மகள் என்று மூன்று கட்டங்கள். அடுப்பை யார் பற்றவைக்கிறார்களோ அவர்கள் கட்டத்தில் ஒரு கோடு. விளக்கு, குழாய், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் அப்படியே. பிரிட்ஜைத் திறக்குமுன் என்ன எடுக்கப்போகிறோம் என்று யோசித்துவிட்டுத் திறக்க வேண்டும். மகள் கண்ணை மூடிப் பிரிட்ஜுக்கு முன்னால் பக்தி சிரத்தையாக நிற்பதைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று தையல்காரிக்கு வெட்கமாக இருக்கும். கரைந்துபோன சோப்புத் துண்டுகளை ஒன்றாகப் பிசைந்து ஒட்டி அவர் செய்த உருண்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருந்தன. டிராபிக் சிக்னல் என்று மகள் அதற்குப் பெயர் வைத்தாள்.

மாதம் முடிந்ததும் டிப்போ பலகை போலவே அட்டையின் அடியில் எழுதுவார். முதல் பேர்: அப்பா. கடைசிப் பேர்: அம்மா. கடைசிப் பேருக்குச் சிவப்பு மை. ஐந்து மாதமும் இதே கதை.

"நான் என்னங்க பண்றேன்? நீங்க குடிக்கிற டீக்குத்தானே அடுப்பு பத்தவைக்கிறேன்?"

"இந்தச் சாக்கெல்லாம் டிப்போவுலயும் கேட்டிருக்கேன்" என்று சிரிப்பார். "எங்க டிப்போவுல கடைசிப் பேரு ஒருத்தன் இருக்கான். மாசாமாசம் மேனேஜர் கூப்பிட்டுத் திட்டும்போது தலையைச் சொறிஞ்சுகிட்டு, 'ஏத்தம் சார், ஏத்தம்'பான். காலை ஒழுங்கா வைக்கத் தெரியாதவனுக்கு ரோடு மேல பழி." சொல்லிவிட்டு அந்த ஆளைப் போலவே தலையைச் சொறிந்து, குரலை இழுத்து, "ஏத்தம் சார், ஏத்தம்" என்று நடித்தும் காட்டுவார். மகள் சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் தையல்காரியும் சிரித்திருக்கிறாள்.

இந்த வேடிக்கையெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அவள் வலது மணிக்கட்டு நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டு வந்தது. டிரைவர் சீருடை தடித்த துணி. நனைந்தால் ஒரு ஆள் கனம் இருக்கும். அதையும் படுக்கை விரிப்புகளையும் முறுக்கிப் பிழிந்து பிழிந்து, கடைசியில் ஒரு நாள் கத்திரிக்கோலைப் பிடிக்கும்போதே கை நடுங்கியது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"துணி பிழியறதை இன்னையோட விடுங்க. விடலன்னா ரெண்டு மாசத்துல கத்திரியும் பிடிக்க முடியாது, ஊசியும் கோர்க்க முடியாது."

பள்ளிக்கூடம் திறக்க மூன்று மாதம்தான் இருந்தது. நாற்பது சீருடை வெட்டாமல் கிடந்தது. மகளின் கல்லூரிச் சம்பளம் அந்தத் தையல் மிஷினில் இருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, துணி துவைக்கும் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று கேட்டாள்.

மைலேஜ் அட்டையை நிமிர்ந்து பார்த்தார். "கடைசிப் பேர் எடுக்கிறவங்களுக்கு மெஷினா? கரண்டு எவ்வளவு இழுக்கும் தெரியுமா? முதல்ல உன் மைலேஜ் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்."

கெட்ட மனிதர் இல்லை. அவள் கையைப் பிடித்துத் தைலம் தடவிக் கட்டுப் போட்டுவிட்டார், அன்றைக்குச் சோறும் அவரே போட்டுக் கொடுத்தார். ஆனால் மெஷின் என்றால் மட்டும் பிடித்த பிடியில் நின்றார். தையல்காரிக்கு அழுகையாகத்தான் வந்தது. அட்டையைப் பிய்த்து அடுப்பில் போடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்கும் அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும், ஒரு கோடு ஏறும்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம், பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க ஒரு பெண் வந்தாள். வாயாடி. உட்கார்ந்ததும் தன் வீட்டுக்காரரும் அதே டிப்போவில்தான் டிரைவர் என்றாள். பேச்சோடு பேச்சாக, அந்தக் கடைசிப் பேர் சாட்சாத் தன் வீட்டுக்காரர்தான் என்பதையும் போட்டு உடைத்தாள். தையல்காரிக்குச் சங்கடமாகிவிட்டது. அவரைப் பற்றி இந்த வீட்டில் நடந்த நாடகம் தெரிந்தால் இவள் என்ன நினைப்பாள்?

"மாசாமாசம் திட்டு வாங்கிட்டு வர்றாருக்கா. சாப்பிடாமக்கூடப் படுத்திருக்காரு. அவரு மேல என்ன தப்பு? கீழ இருந்து மலை மேல போற வண்டி அவரோடது. உங்க வீட்டுக்காரரு மேல இருந்து கீழ வர்ற வண்டி. ஒருத்தரு ஏத்தம், ஒருத்தரு இறக்கம்."

கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"என்ன சொல்றே? தினமும் இறக்கம் மட்டுமா?"

"ஆமாக்கா, உங்களுக்குத் தெரியாதா? மேலயும் ஒரு டீசல் பங்க் இருக்கு, கீழயும் ஒண்ணு இருக்கு. ரெண்டு முனையிலயும் ஆள் மாறும், டேங்கை நிரப்பித் தனித்தனியாக் கணக்கெழுதுவாங்க. உங்க வீட்டுக்காரரு காலையில எங்க வீட்டுக்காரரு வண்டியில பயணியா மேல போவாரு, அங்கருந்து இறக்கத்துல ஓட்டிட்டு வருவாரு. ஒன்பது வருஷமா அப்படித்தான்."

"டிப்போவுல யாருமே கேட்கலையா?"

"ஒரு சுவர்க்கடிகாரத்துக்காக எவன்க்கா சண்டைக்குப் போவான்?"

தையல்காரி முதலில் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக் கதவுக்குப் போய் அட்டையைப் பார்த்தாள். அடுப்பு, குழாய், சோப்பு, இஸ்திரி எல்லாம் அம்மா கட்டத்தில். அப்பா கட்டம் சலவை செய்த மாதிரி வெள்ளையாக இருந்தது. காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற மனிதர், வந்ததும் டீயை வாங்கிக் குடிக்கிற மனிதர், எதைத் தொட்டு எதைச் செலவு செய்யப்போகிறார்? இந்த வீட்டிலும் அவர் ஓட்டுவது இறக்கத்தில்தான். ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருப்பது அவள்.

அப்புறம்தான் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு. பேண்ட்டுக்கு வந்தவள் பயந்துபோய், "என்னக்கா ஆச்சு?" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல. உன் வீட்டுக்காரரு ஒரு மாசத்துக்கு டூட்டி மாத்திக்குவாரா, கேட்டுச் சொல்லு. பேண்ட்டுக்குக் காசு வேண்டாம்."

சாப்பாட்டு நேரத்தில் அவள் வலையை விரித்தாள். பொரித்த உருளைக்கிழங்கை அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டாள்.

"ஏங்க, உங்க மாதிரி மைலேஜ் எடுக்கிறது வண்டியிலயா இருக்கு, காலிலயா இருக்கு?"

"காலிலதான். இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப எந்த ரோடுல ஓட்டினாலும் உங்களுக்கு முதல் பேர்தான் வரும்?"

"ரோடு என்ன ரோடு. எந்த ரோடா இருந்தாலும் என் கால் என் காலுதானே."

"அது எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? ஊர்ல யாரோ சொல்றாங்க, ஏத்தத்துல போனா உங்களாலயும் முடியாதுன்னு. நான்தான் நம்பல. எங்க வீட்டுக்காரரால முடியாததான்னு சண்டையே போட்டுட்டேன்."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பால் வடிந்தது. மகள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள். வாயில் இருந்த சோறு புரையேறாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"யாரு சொன்னது?" மைலேஜுக்குக் காது சிவந்துவிட்டது. "ஒரு மாசம் ஏத்தத்துல ஓட்டிக் காட்டறேன். முதல் பேர் என் பேருதான் இருக்கும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா என்ன கேட்டாலும் தர்றேன்."

"துணி துவைக்கிற மெஷின்."

அவருக்கு லேசாக உறைத்திருக்க வேண்டும். கை ஒரு நொடி தட்டிலேயே நின்றது. ஆனால் வாயை விட்டாகிவிட்டது, மகள் வேறு சாட்சி.

"சரி. நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா மெஷின் பேச்சையே எடுக்கமாட்டேன். இந்தக் கையாலயே துவைக்கிறேன். அட்டையில என்ன எழுதுறீங்களோ அதுக்குக் கட்டுப்படுறேன்." சொல்லும்போது மட்டும் அவள் குரலில் விளையாட்டு இல்லை. கட்டுப் போட்ட மணிக்கட்டை மடியில் மறைத்துக்கொண்டாள். யார் கண்டது, மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்து தொலைத்தால்?

மறுநாளே டூட்டி மாற்றும் தாளில் இரண்டு டிரைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். டைம்கீப்பர் கண்ணாடிக்கு மேலாக மைலேஜைப் பார்த்து, "யோசிச்சுத்தான் போடுறியா?" என்று கேட்டாராம். "பேனாவைக் குடுங்க" என்றாராம் இவர்.

முதல் வாரத்தில் அவர் அட்டைப் பக்கமே திரும்பவில்லை. இரண்டாவது வாரத்தில் டீசல் பம்ப் மேல் சந்தேகம் வந்தது. அப்புறம் டயர்களில் காற்று, அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் எதிர்க்காற்று. கடைசியில் பயணிகள் மேலேயே பாய்ந்தார். "என்னதான் தின்னுட்டு வர்றாங்களோ, ஒவ்வொருத்தனும் ரெண்டு ஆள் எடை." வெங்காய மூட்டையோடு ஏற வந்தவரை அடுத்த வண்டியில் வரச் சொன்னார் என்று பேண்ட்டுக்காரப் பெண் வந்து சொன்னாள். தன் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்றும் சொன்னாள்.

மூன்றாவது வாரம் மைலேஜ் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். வளைவுக்கு வளைவு, ஏற்றத்தில் வேகம் இல்லாததால் கனக்கும் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தையல்காரி தன்னுடைய கட்டுத்துணியில் பாதியைக் கிழித்துச் சுற்றிவிட்டாள்.

"தைலம் கொஞ்சமாப் போடட்டுமா? மைலேஜ் குறைஞ்சிடப் போகுது."

அவர் முறைத்தார். "நல்லாவே போடு" என்றார்.

"வலி எப்படிங்க இருக்கு?"

"உசிரு போகுது."

"அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முடிச்சுப் போட்டாள். அவர் அவளுடைய கட்டையும் தன்னுடைய கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. மலைமேல் இருக்கும் ஒரு விடுதிக்குத் தைத்த திரைச்சீலைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரிய மூட்டை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று விடுதிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தையல்காரி கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலை வண்டிக்குப் போய் நின்றாள். அது அவர் வண்டி. தற்செயலாகத்தான் ஏறினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

பின்கதவு வழியாக ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி நிறையக் கூட்டம், அவர் பார்க்கவில்லை. ஏழெட்டு வளைவு தாண்டியதும், மலையிலேயே செங்குத்தான வளைவுக்கு முன்னால், வண்டி ஓரம் கட்டி நின்றது. முன்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் இறங்கி இந்த வளைவை மட்டும் நடந்து வந்துடுங்க. மேல நிக்கிறேன். உடம்புக்கும் நல்லது."

கேட்டீர்களா கூத்தை! கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருவர், "டிக்கெட்டுல பாதிக் காசைத் திருப்பிக் குடு" என்றார். இன்னொருவர் புகார்ப் பெட்டி எங்கே என்று கேட்டார். ஆனாலும் எல்லோரும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். தையல்காரியும் இறங்கினாள். மூட்டையை வலது கையில் எடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. இடது தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்தாள்.

வண்டி ஆளில்லாமல் ஜம்மென்று ஏறியது. வெயில் மண்டையைப் பிளந்தது. மூட்டை சரிந்துகொண்டே வந்தது, வலது கையால் தாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் மணிக்கட்டில் சுரீர் என்றது. கூத்தைப் பார்க்கலாம் என்று வந்தவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, அவர் மேல் பாதி, தன் குறும்பின் மேல் பாதி.

வளைவின் நட்டநடுவில் வண்டி நின்றது.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்புவதைப் போல டீசலைக் குடிப்பது வேறில்லை. ஒன்பது கடிகாரம் வாங்கியவருக்கு இது தெரியாதா? கண்ணாடியில் பின்னால் வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். கூட்டத்தின் கடைசியில், மூட்டைக்கு அடியில், கட்டுப் போட்ட கையோடு வருவது யார் என்றும் பார்த்திருக்கிறார்.

இறங்கி வந்தார். விறுவிறுவென்று சரிவில் நடந்து வந்தவர் மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். போட்டபோது அவர் மணிக்கட்டும் சுண்டியிருக்க வேண்டும், முகம் கோணியது.

"ஏறு."

"மேலதானே நிக்கிறேன்னீங்க? நான் நடந்தே வர்றேன். மைலேஜ் போயிடும்."

"ஏறுன்னு சொன்னேன்ல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

நடு ஏற்றத்தில், முழுக் கூட்டத்தோடு, வண்டி உறுமிக் கரும்புகை கக்கிக் கிளம்பியது. தையல்காரியை முன் இருக்கையில் உட்காரவைத்திருந்தார். மேலே போய்ச் சேரும்வரை அவள் ஒரு கேலியும் பேசவில்லை. பேசலாம் என்றுதான் இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்ப்பதும், பார்வையை எடுப்பதுமாக இருந்த விதத்தைப் பார்த்து மனசு வரவில்லை.

மாதம் முடிந்து பலகையில் பெயர் ஏறியது. கடைசிப் பேர் மைலேஜுடையது. முதல் பேர், மாதாமாதம் தலையைச் சொறிந்தவருடையது. டிப்போவே கூடி நின்று கைதட்டியதாம். இவரும் தட்டினாராம், கட்டுப் போட்ட கையோடு. பழைய டூட்டிக்குத் திரும்பிக்கொள்கிறாயா என்று டைம்கீப்பர் கேட்டதற்கு, "ஒரு மாசம் அவரு, ஒரு மாசம் நானு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மெஷின் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து குளியலறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். கூடவே வந்த புத்தகத்தை அவர் மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு, கையால் துவைப்பதைவிட இந்த மெஷின் தண்ணீர் கம்மியாகத்தான் குடிக்குமாம் என்று ஏதோ தானே கண்டுபிடித்தவர் மாதிரி வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தார். டிப்போவிலும் சொல்லியிருக்கிறார். மெஷின் வாங்கியது தன் யோசனைதான் என்கிற பாணியில் சொன்னாராம். தையல்காரி மறுக்கவில்லை. பிழைத்துப் போகட்டும்.

"அட்டையைக் கழட்டிடவா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இருக்கட்டும். நல்ல அட்டை. ஆனா துணி துவைக்கிறது இனிமே உங்க டூட்டி. சாயங்கால டீயும் நீங்கதான். ஒரு மாசம் பாருங்க."

பார்த்தார். மெஷின் ஓடிய கரண்டு, தண்ணீர், சோப்புத்தூள் எல்லாம் அப்பா கட்டத்தில் ஏறின. டீ அடுப்பு ஏறியது. முதல் தடவை அளவு தெரியாமல் தூளைக் கொட்டி நுரை கூடம்வரை வந்ததும் ஏறியது, அதைக் கழுவிவிட்ட பதினோரு வாளித் தண்ணீரும் ஏறியது. மகள் ஒன்றையும் விடாமல் கோடு போட்டாள். தையல்காரி நாற்பது சீருடையையும் வெட்டித் தைத்து முடித்தாள். கைக்கட்டு அவிழ்ந்துவிட்டது.

மாதக் கடைசி நாள் தையல்காரி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள். தன் கத்திரிக்கோலை எடுப்பது போலவே பதனமாக மூடியைக் கழற்றி, பெரிய எழுத்தில் எழுதினாள். கடைசிப் பேர்: அப்பா.

அவர் மெஷினிலிருந்து ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். நின்று படித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் தலையைச் சொறிந்தார்.

"ஏத்தம்மா, ஏத்தம்" என்றார்.